வேளிமலை நகர்ந்த மத்தியானம்

கனவு காண்பதில் தப்பில்லை. கனவில் மண்வெட்டி வந்துவிட்டால் மட்டும் வீட்டிலுள்ளவர்கள் உடனே எழுப்பிவிட வேண்டும். என்னை யாரும் எழுப்பவில்லை. (எழுப்பியதாக என் மனைவி ஸ்டெல்லா இன்றுவரை சாதிக்கிறாள்.)

மஸ்கட்டில் பெரிய வீடுகளின் தண்ணீர்ப் பம்புகளைப் பழுது பார்ப்பது என் வேலையாக இருந்தது. சில மொட்டைமாடிகளில் ஹாட் டப் என்கிற வெந்நீர்த் தொட்டி இருக்கும். வீட்டுக்காரர் ஆவி பறக்கும் தண்ணீரில் கழுத்துவரை அமிழ்ந்து, உலகத்தோடு கணக்கு முடித்தவர் மாதிரி கண்ணை மூடிக் கிடப்பார். நான் பக்கத்தில் ஸ்குரூடிரைவரோடு குந்தியிருந்து மோட்டாரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த மோட்டாரின் பிறப்பு முதல் இறப்பு வரை எனக்குத் தெரியும். தண்ணீருக்குள் என்ன சுகம் இருக்கிறது என்பதுதான் தெரியாது.

வேலையை விட்டுவிட்டு தக்கலைப் பக்கம் சொந்த வீட்டுக்கு வந்த பிறகும் அந்த ஆவி என்னை விடவில்லை. எங்கள் வீட்டின் பின்பக்கம் நிலம் சரிந்து வாழைத்தோட்டத்துக்கு இறங்கும். அதற்கு அப்பால் வேளிமலை. சாரல் நாட்களில் மலையின் பாதி மேகத்துக்குள் போய்விடும். மிச்சப் பாதி நீலமா பச்சையா என்று முடிவு செய்யாமல் நிற்கும். அடுக்களை ஜன்னலில் நின்று பார்க்கையில் எனக்கு ஒரே நினைப்புதான். முகத்தில் குளிர்ந்த தூறல், கழுத்துக்குக் கீழே இளஞ்சூடு, எதிரே அந்த மலை. இதற்குமேல் ஒரு மனிதனுக்கு மோட்சம் எதற்கு?

காற்றடித்து நிறுத்துகிற ஹாட் டப் ஒன்றை வரவழைத்தேன். தண்ணீரும் ஆளும் சேர்ந்தால் ஒரு குட்டியானையின் எடை வரும், ஆகவே உறுதியான சமதளத்தில் வையுங்கள் என்று அதோடு வந்த தாளில் போட்டிருந்தது.

"முத்தத்துல சிமெண்டுத் தரை சும்மாதானே கெடக்கு? அங்க வையுங்க" என்றாள் ஸ்டெல்லா.

"அங்க இருந்து பாத்தா எதிர்வீட்டுத் தண்ணி டேங்கில்லா தெரியும்?"

"அப்பம் வீட்டுக்குப் பொறத்த கொஞ்சம் காங்கிரீட்டாவது போடுங்க."

"காங்கிரீட் போட்டா பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கும். எனக்கு மண்ணு வேணும், மலை வேணும்."

"கிறுக்கும் வேணும்" என்றபடி உள்ளே போய்விட்டாள்.

நானே இறங்கினேன். சரிவின் மேல்பக்கத்தை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கத்தில் கொட்டி நிரப்பினேன். ஒரு பாட்டை முணுமுணுத்தபடி காலால் மிதித்தேன். (மண்ணை இடித்து இறுக்கத் திம்சுக்கட்டை என்று ஒன்று உண்டாம். எனக்கு அப்போது பாட்டே போதுமாக இருந்தது.) மேலே மணல் தூவி, பச்சை நிற பிளாஸ்டிக் புல்விரிப்பைப் போட்டேன். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில் வந்து நின்று என்னைப் பார்த்துச் சிரித்தது. மேலே மட்டமாக இருக்கிறதா என்பதை மட்டும்தான் ரசமட்டம் சொல்லும். அடியில் பாதி பாறை மாதிரியும் பாதி புட்டு மாதிரியும் இருப்பதை அது எப்படிச் சொல்லும்?

இந்த வேலை நடந்தபோதுதான் வீட்டில் இன்னொரு வேலையும் நடந்தது. எங்கள் மகள் ஜெனியும் நெய்யூரைச் சேர்ந்த லிவினும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். எல்லோருக்கும் சம்மதம், லிவினின் அப்பா ஞானதாஸ் சாரைத் தவிர. அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எதுவுமே சொல்லவில்லை. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடத்தில் பேசித் தீர்த்த களைப்போ என்னவோ, 'உம்' என்பதோடு சரி. அவர் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த நாளில் ஜெனி வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

நான் காலையிலேயே தொட்டியை நிரப்பிச் சூடாக்கி வைத்திருந்தேன். அன்று பார்த்து நல்ல சாரல்.

மீன்குழம்பும் தாளகக் கறியுமாகச் சாப்பாடு முடிந்தது. 'உம்' மட்டும் இரண்டு வந்தது. கை கழுவ அடுக்களைப் பக்கம் போன ஞானதாஸ் சார் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "அது என்னது?" என்றார். அன்று அவர் பேசிய முதல் வாக்கியம். சொன்னேன். கொஞ்ச நேரம் ஆவியையே பார்த்துக்கொண்டிருந்தவர், "எனக்கு முட்டுவலி உண்டு" என்றார்.

ஸ்டெல்லா என்னை ஓரமாக இழுத்தாள். "சம்பந்தம் பேச வந்த மனுசன நெல்லு மாதிரி அவிக்கப் போறியளா?"

அவர் அதற்குள் சட்டையைக் கழற்றிவிட்டார்.

என் கைலியைக் கட்டிக்கொண்டு அவர் இறங்கினார். எதிரில் நானும் இறங்கினேன். ஆகா, மஸ்கட்டின் முதலாளிகளே! இதற்காகவா கண்ணை மூடிக் கிடந்தீர்கள்! இளஞ்சூடு முதுகெலும்பில் ஒவ்வொரு கணுவாக ஏறியது. தூறல் தண்ணீரில் புள்ளி வைத்தது. வாழையிலைகளில் மழை கிசுகிசுத்தது. மேகம் மலையைப் போர்த்துவதும் விலக்குவதுமாக இருந்தது. காலம் எங்கேயோ வேலையாகப் போய்விட்டது. மகளின் கல்யாணம்கூட மறந்துவிட்டது.

"சாரே" என்றேன் பாதி உறக்கத்தில். "மலை நகருது."

"உம்" என்றார் அவரும் உறக்கத்தில், தலையை மட்டும் மலைப்பக்கம் திருப்பி. "மேல போகுது."

அழகான காட்சி. மலை மெல்ல மெல்ல மேலே உயர்ந்தது. வாழைமரங்கள் எங்களை வரவேற்க வருவதுபோல நெருங்கி வந்தன. திரும்பிப் பார்த்தால், அடுக்களை வாசலில் ஸ்டெல்லா கையை வீசிக் கத்திக்கொண்டிருந்தாள். (டாட்டா காட்டுகிறாள் என்று நினைத்தேன்.) அப்புறம்தான் பார்த்தேன், தண்ணீர் முழுக்க ஞானதாஸ் சாரின் பக்கம் சாய்ந்து, அவருக்குத் தாடை வரையிலும் எனக்கு இடுப்பு வரையிலும் நின்றது.

'டக்'கென்று ஒரு சத்தம். ஸ்டெல்லா மெயின் சுவிட்சை அணைத்துவிட்டாள். அடுத்த நொடி தொட்டியின் கீழ்ச்சுவர் மடங்கியது. குட்டியானை கிளம்பிவிட்டது. புட்டு மண், பச்சைப் புல்விரிப்பு, நெய்யூர் தலைமையாசிரியர், அவர் மடியில் நான் என்று எல்லோரும் ஒரே வெள்ளத்தில் வழுக்கிக்கொண்டு வாழைத்தோட்டத்தில் போய் இறங்கினோம். ஒரு வாழை குலையோடு சாய்ந்தது. காலித்தொட்டி பின்னாலேயே உருண்டு வந்து எங்கள் இருவர் மேலும் கவிழ்ந்து மூடியது.

உள்ளே இருட்டு. செம்மண் வாசனை. என் மகளின் வாழ்க்கையை என் கையாலேயே வெட்டி, சரிவில் கொட்டி, மிதித்துவிட்டேன் என்று எனக்கு அழுகை வந்தது.

பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. மூச்சு முட்டுகிறதோ என்று பயந்து, "சாரே, அடி பட்டுட்டா?" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். தொட்டியைத் தூக்கிப் பார்த்த லிவின் தன் அப்பா அப்படிச் சிரித்துக் கண்டதில்லையாம். தலையிலிருந்து செம்மண் வழிய, கைலி எங்கே போயிற்று என்று தடவிக்கொண்டே, அவர் ஜெனியைப் பார்த்துச் சொன்னார்:

"மக்களே, நீ தைரியமா எங்க வீட்டுக்கு வா. ஒனக்க அப்பாகூட இருந்த பிள்ளைக்கு எங்கயும் இருக்கலாம்."

கல்யாணம் நன்றாக நடந்தது. எங்கள் குடும்பத்தில் இப்போது மண்ணைத் தொடுகிற உரிமை எனக்கில்லை. மரச்சீனிக் கிழங்குக்குக் கம்பு நட மண்வெட்டி எடுத்தால்கூட, "மலை எங்க நிக்குன்னு பாத்துட்டு வெட்டுங்க" என்று யாராவது ஒரு குரல் விடுவார்கள். போன மாதம் ஜெனியும் லிவினும் புதுவீட்டுக்கு அஸ்திவாரக் கல் போட்டார்கள். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஞானதாஸ் சார்தான் போனில் அழைப்பு சொன்னார். என்னிடமும் நெடுநேரம் பேசினார். முட்டுவலி, மழை, வாழை என்று எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் குரலைத் தாழ்த்தி, மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

"கல்லு போடுகதுக்கு நீரு வரண்டாம். வீடு கெட்டி முடிச்சுட்டு, பால்காச்சுக்கு விளிக்கேன். அப்பம் வந்தா போரும்."