எனக்கு வராத ஹெர்னியா

நோய்களிலும் அந்தஸ்து உண்டு. மாரடைப்பு வந்தவரைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் குரலைத் தாழ்த்தி மரியாதை கொடுப்பார்கள். சர்க்கரை வந்தவர் கல்யாணப் பந்தியில் பாயசத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பெருமையாக நாலு பக்கமும் பார்ப்பார். தொப்புளுக்குக் கீழே வரும் நோய்க்கு மட்டும் சபையில் இடம் கிடையாது. அதுவும் பெண்ணுக்கு வந்துவிட்டால் அதற்குப் பெயரே கிடையாது. எனக்கு வந்தது அந்த ரகம். கர்ப்பப்பை இறங்கிவிட்டது. (முகம் சுளிப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் நிறுத்தப் போவதில்லை.)

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் வற்றல் மிளகாயும் அடுக்கிய குடோன்கள் இருக்கும் ஒரு சந்தில், மாடி போர்ஷனில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் முருகேசன் சுமட்டுத் தொழிலாளி. நீலச் சட்டையும் தலைத்துண்டுமாகப் போய் லாரியில் மூட்டை ஏற்றுவார், இறக்குவார். அவர் தூக்குவதற்கு யூனியன் உண்டு. இவ்வளவு எடைக்கு மேல் போனால் இரண்டு ஆள், இந்த நேரத்தில் சாயா, மழை பெய்தால் இப்படி என்று எல்லாவற்றுக்கும் சட்டம் உண்டு. வீட்டில் தூக்குகிறவள் நான். தெருக்குழாயிலிருந்து மாடிக்குத் தண்ணீர், கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, அதற்கு நடுவே மூன்று பிள்ளைகள். அவர் சுமந்ததற்குப் பெயர் தொழில். நான் சுமந்ததற்குப் பெயர், ‘பாக்கியம் வீட்லதான் சும்மா இருக்கா.’

ஒரு நாள் குடத்தை இடுப்பில் ஏற்றும்போது, உள்ளே ஏதோ முட்டை மாதிரி நழுவி வந்து நிற்பதாகத் தோன்றியது. புத்திசாலி என்ன செய்வாள்? டாக்டரிடம் போவாள். நான் அதை உள்ளே தள்ளிவிட்டுச் சாம்பாருக்குப் புளி கரைத்தேன். அது வரும், நான் தள்ளுவேன். எங்கள் இருவருக்கும் அப்படி ஒரு ஏற்பாடு. சில வருஷம் அதுவே நடந்தது. கடைசியில் நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் போன பிறகுதான் எர்ணாகுளத்தில் ஒரு லேடி டாக்டரிடம் போனேன். இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டார். சமையல் என்றேன்.

வயிற்றைக் கிழிக்காமல் கீழ்வழியாகவே கர்ப்பப்பையை எடுத்து, தளர்ந்து தொங்கியதையெல்லாம் இழுத்துத் தைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சட்டம் போட்டார். மூன்று மாதத்துக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது. குந்தி உட்காரக் கூடாது. முக்கக் கூடாது. இருமலோ தும்மலோ வந்தால் தலையணையை வயிற்றோடு அமுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். “டாக்டர், எங்க வீட்டுக்கு எதிர்ல மொளகா குடோன்” என்றேன். நான் தமாஷ் பண்ணுவதாக நினைத்துச் சிரித்தார்.

இதற்கிடையில் என் வீட்டுக்காரர் ஒரு காரியம் செய்து வைத்திருந்தார். வேலைத்தலத்தில் எல்லோரும் ‘பாக்கியத்துக்கு என்ன ஆபரேஷன்’ என்று கேட்டிருக்கிறார்கள். இவருக்கு வாய் வரவில்லை. சட்டென்று ஹெர்னியா என்று சொல்லிவிட்டார். சுமை தூக்குகிறவர்கள் மத்தியில் ஹெர்னியா என்றால் கௌரவமான நோய். பாதிப் பேருக்கு வந்திருக்கும், மீதிப் பேர் எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள். எங்கே போய்ப் பொய் சொல்லியிருக்கிறார் பாருங்கள். அந்த விஷயத்தில் கொச்சியிலேயே அவர்களைவிட விவரம் தெரிந்தவர்கள் கிடையாது.

மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம், வேலை முடிந்த கையோடு ஐந்தாறு நீலச் சட்டைகள் மாடியேறி வந்தன. முன்னால் யூனியன் கன்வீனர் ஹம்சா இக்கா. (அக்கா இல்லை, இக்கா. அங்கே அண்ணனுக்கு அப்படித்தான்.) பின்னால் ஔசேப் சேட்டன், ஆரஞ்சுப் பொட்டலத்தோடு. நான் நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, கைவைத்த மர நாற்காலியில் மெத்தென்று தலையணை போட்டு உட்கார்ந்திருந்தேன். சுகம் விசாரித்தார்கள். பிறகு நிபுணர்கள் பேச ஆரம்பித்தார்கள்.

ஔசேப் சேட்டன் தனக்கு இடது பக்கம் என்றார். இன்னொருவர் இரண்டு பக்கமும் என்று சொல்லி அவரை அடக்கினார். “பெங்களே, நினக்கு ஏது பக்கம்?” என்று ஹம்சா இக்கா கேட்டார். (தங்கச்சி, உனக்கு எந்தப் பக்கம் என்று அர்த்தம். அவர் மலையாளத்தை இனிப் பாதித் தமிழாக்கியே எழுதுகிறேன்.) நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மேல்கூரையில் ஓட்டை ஏதும் உண்டா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். நடு என்று சொல்லி வைத்தேன். அந்த நடுவைப் பற்றிப் பெரிய விவாதம் கிளம்பியது. அதோடு விட்டார்களா? ஔசேப் சேட்டன் பையிலிருந்து ஒரு பெல்ட்டை எடுத்தார். ஹெர்னியாக்காரர்கள் இடுப்பில் கட்டுவது. அவர் கட்டிக் கட்டி நிறம் மாறியது. துவைத்துதான் கொண்டு வந்திருப்பதாகவும், ராசியான பெல்ட் என்றும் சொல்லி, அதை வைத்துக் காட்டத் தரையில் விரிப்பதற்காகத் தோளில் கிடந்த துண்டை எடுத்து ஓர் உதறு உதறினார்.

பகல் முழுக்க வற்றல் மிளகாய் மூட்டை சுமந்த துண்டு அது.

தலையணையைத் தேடினேன். நான்தான் அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். மூக்கைப் பிடித்தேன், பல்லைக் கடித்தேன், தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். தும்மல் வந்தது. ஒன்றல்ல, வரிசையாக. கூடவே நைட்டி நனைந்து, தலையணை நனைந்து, நாற்காலிக்கு அடியில் தரையிலும் சொட்டியது. “ஐயோ” என்று கத்திவிட்டேன். வலியால் அல்ல, மானம் போனதால். அது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

“ஸ்டிச் பொட்டிப் போயி! பிடிக்கடா கசேர” என்றார் ஹம்சா இக்கா. (தையல் பிரிந்துவிட்டதாம். நாற்காலியைப் பிடிக்கச் சொல்கிறார்.)

வாழ்நாள் முழுக்கப் பாரம் தூக்கியவர்களிடம் யோசிக்கச் சொல்ல முடியாது. நான் வாயைத் திறப்பதற்குள் நாற்காலியோடு மேலே போய்விட்டேன். நாலு பேர் நாலு காலைப் பிடிக்க, ஒருவர் முன்னால் போய் வழி சொல்ல, மரப்படி கிறீச்சிடக் கிறீச்சிட இறக்கினார்கள். திருப்பத்தில் “இடத்தோட்டு சரிக்கு” என்று என்னைப் பீரோ மாதிரி இடது பக்கம் சாய்த்தார்கள். என் வீட்டுக்காரர் ஒரு கையில் ஆரஞ்சும் மறு கையில் பெல்ட்டுமாகப் பின்னால் ஓடி வந்தார். ஆட்டோ சந்து முனையில்தான் நிற்கும். அதுவரைக்கும் ஊர்வலம். குழாயடியில் பெண்கள், சாயாக்கடையில் ஆண்கள், ஜன்னலெல்லாம் தலைகள். என்ன என்ன என்று கேட்டவர்களுக்கெல்லாம் வழிநெடுக ஒரே பதில், “ஹெர்னியா, ஹெர்னியா.”

அந்த உயரத்தில், நனைந்த நைட்டியோடு உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. இதற்கு மேல் போவதற்கு மானம் என்று என்னிடம் எதுவும் பாக்கி இல்லை. அப்புறம் நான் யாருக்காக ஒளிக்க வேண்டும்?

“நிறுத்துங்க” என்றேன். நின்றார்கள்.

“எனக்கு ஹெர்னியாவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கர்ப்பப்பை எறங்கிப் போச்சு. அதை எடுத்துட்டு அடியில தச்சிருக்காங்க. இப்ப ஒண்ணும் பொட்டல. தும்மினேன், மூத்திரம் போச்சு. அவ்வளவுதான். எறக்குங்க என்னை.”

நிறைந்த குடத்திலிருந்து தண்ணீர் வழிகிற சத்தம் மட்டும் கேட்டது. குழாயை மூட யாருக்கும் தோன்றவில்லை. கண்ணாடிச் சாமான் பெட்டியைக்கூட அவர்கள் அவ்வளவு மெதுவாக இறக்கியிருக்க மாட்டார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் பெல்ட்டைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டிருந்தார்.

ஹம்சா இக்கா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு, “அது எப்படி வரும் பெங்களே?” என்று கேட்டார்.

“பெத்தா வரும். பாரம் தூக்கினாலும் வரும். நான் ரெண்டும் செஞ்சேன்.”

“முருகேசா, வீட்ல வெள்ளம் யாரு சுமக்கிறது?” (அவர்களுக்குத் தண்ணீர்தான் வெள்ளம்.)

என் வீட்டுக்காரர் என்னைக் கை காட்டினார்.

“மாடிக்கா? சிலிண்டரும் இவளா? ஒத்தைக்கா?” ஒவ்வொன்றுக்கும் அவர் தலையாட்டத் தலையாட்ட ஹம்சா இக்காவின் முகம் மாறியது. “நம்ம ஆள் ஒருத்தன இப்படி ஒத்தைக்கு ஏத்தியிருந்தா அன்னைக்கே பஜாரை அடைச்சிருப்போம். நாளை முதல் நீ சுமக்கணும். இது யூனியன் தீருமானம்.”

கூட்டம் நடக்கவில்லை, ஓட்டெடுப்பு நடக்கவில்லை. இருந்தாலும் எனக்குத் தெரிந்து அந்த யூனியன் எடுத்த முடிவுகளிலேயே சிறந்தது அதுதான். என்னை மறுபடி தூக்கிக்கொண்டு போக முன்வந்தார்கள். நடப்பேன் என்றேன். நனைந்த நைட்டியோடு, குழாயடியில் நின்ற ஒவ்வொருவர் முகத்தையும் நேராகப் பார்த்துக்கொண்டு, மெதுவாக நடந்தே மாடியேறினேன்.

மறுநாள் டாக்டரிடம் போனோம். நடந்ததைக் கேட்டுவிட்டு எத்தனை பேர் தூக்கினார்கள் என்று அவர் இரண்டு தரம் விசாரித்தார். தையல் ஒன்றும் ஆகவில்லை. மூத்திரத்தை அடக்குவது மாதிரி அடித்தசையை இறுக்கி இறுக்கி விடும் பயிற்சி ஒன்றைச் சொல்லிக் கொடுத்தார். உடம்பு தேறியதும் அதை நான் குழாயடியில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தேன். அப்போதுதான் தெரிந்தது, அந்த வரிசையில் முட்டையோடு நின்றவள் நான் ஒருத்தி மட்டும் இல்லை என்று. அதன் பிறகு சில காலம் தண்ணீர்க் குழாயில் திடீர் திடீரென்று பேச்சு நின்றுபோகும். எல்லோரும் தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டு கடுமையான முகத்தோடு நிற்பார்கள். சாயாக்கடைக்காரர் பெண்களுக்குள் சண்டை என்று நினைத்துக் கவலைப்பட்டார்.

தீர்மானத்தை என் வீட்டுக்காரர் காப்பாற்றினார். முதல் நாள் காலையில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு குழாயடிக்குப் போனார். மூட்டை தூக்கும் தலைக்குக் குடம் புதிது. பாதித் தண்ணீர் படியில், பாதி அவர் மேல். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்ன நோக்கிக்கிட்டு நிக்கிற?” என்று எரிந்து விழுந்தார்.

எங்கள் ஊரில், சரக்குக்காரன் தன் ஆளை வைத்து லாரியிலிருந்து இறக்கிக்கொண்டால், யூனியன்காரர்கள் பக்கத்தில் நின்று வெறுமனே பார்த்துவிட்டு அதற்கும் காசு வாங்குவார்கள். நோக்குக்கூலி என்று பெயர். ஊரே திட்டும். அவரும் வாங்கியவர்தான்.

“வேலையை நீங்க பாருங்க. எனக்கு நோக்குக்கூலி வந்தாப் போதும்” என்றேன்.

குடத்தைப் படியிலேயே வைத்துவிட்டு உட்கார்ந்து சிரித்தார். நானும் தலையணையை வயிற்றில் அமுக்கிக்கொண்டு, டாக்டர் அனுமதித்த அளவுக்குச் சிரித்தேன். சாயங்காலம் காகிதத்தில் சுற்றிய பழம்பொரி (நேந்திரம்பழ பஜ்ஜி) வந்தது. அன்றிலிருந்து வந்துகொண்டே இருந்தது.

சில வருஷம் கழித்து மகனுக்குக் கல்யாணம் ஆயிற்று. வந்த புதிதில் மருமகள் கேஸ் சிலிண்டரைத் தூக்கக் குனிந்தாள். அதற்குள் முட்டி தேய்ந்து வேலையை விட்டிருந்த என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து சத்தம் போட்டு மகனைக் கூப்பிட்டார். பிறகு அவளிடம், “நீ சும்மா நோக்கி நின்னாப் போதும் மோளே. கூலி அவன் தருவான்” என்றார்.

அவளுக்கு விஷயம் புரிய ஒரு வாரம் ஆயிற்று. புரிந்த பிறகு, வசூலில் அவள் என்னைவிடக் கறார். பழம்பொரியெல்லாம் அவளிடம் செல்லாது. மசால்தோசைதான்.