கண்ணம்மாபேட்டை வாசலில் தானாக நின்ற வேன்

பழைய வேன் வாங்குகிறவனுக்கு இரண்டு பொய்கள் இலவசம். விற்பவன் அவனிடம் சொல்வது ஒன்று. அவன் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்வது மற்றொன்று. என் விஷயத்தில் விற்றவர் யோக்கியர். "சாவு வீட்டுக்கு ஐஸ் பெட்டி, சுடுகாட்டுக்குப் பொணம்னு ஏத்தினு போன வண்டி சார், அதான் சல்லிசா தரேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பொய் முழுக்க என்னுடையது. மந்தைவெளியில் எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு வசந்தியிடம், "ரிட்டயர்டு பாட்டு வாத்தியார் வெச்சிருந்ததாம். வீணை எடுத்துட்டுப் போறதுக்கு" என்றேன்.

(ஏன் வீணை என்று கேட்காதீர்கள். பெட்டியின் நீளம் மனதுக்குள் இருந்திருக்கும்.)

வசந்தி முறுக்கும் தட்டையும் போடுவாள். நான் டப்பாக்களைத் தி.நகர் கடைகளுக்குக் கொண்டுபோவேன். இதுதான் எங்கள் பிழைப்பு. வேனின் தரையில், பெட்டியை உள்ளே தள்ளுவதற்காக இரண்டு இரும்புத் தண்டவாளங்கள் பதித்திருந்தார்கள். "இது எதுக்கு?" என்றாள். "வீணை ஆடாம இருக்க." முறுக்கு டப்பாக்கள் அதன்மேல் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய், இருட்டில் தாமாக உட்கார்ந்துகொண்டன.

ஃபேனைப் போட்டால் எந்த இடுக்கிலிருந்தோ காய்ந்த ரோஜா இதழ் ஒன்று பறந்து வரும். பெருக்கிப் பெருக்கி எடுத்தும் மறுநாள் இன்னொன்று வரும். ஒருநாள் வசந்தியின் மடியில் விழுந்தது. "யாருக்கு வாங்கின பூ இது?" என்றாள். உயிரோடிருக்கும் ஒருத்தியைச் சந்தேகப்பட்டால் படட்டும், செத்தவர்கள் பட்டியல் வெளியே வர வேண்டாம் என்று இதழை எடுத்து ஜன்னல் வழியாக ஊதிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டாஷ்போர்டில் பிரேக்குக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. மூடியைத் திறந்து பார்த்தால் பிரேக் ஆயில் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. பக்கத்து உதிரிபாகக் கடை பூட்டியிருந்தது. எனக்கு மெக்கானிக் மூளை என்று ஊரில் பெயர் (ஊர் என்றால் நான்). வீட்டில் கைக்குக் கிடைத்ததை ஊற்றி நிரப்பினேன். விளக்கு அணைந்தது. மீசையை முறுக்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை பட்டப்பகல் பதினோரு மணி. நந்தனம் தாண்டியதிலிருந்தே யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல வண்டி கனத்தது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வேகம் குறைந்தது. கடைசியில் ஒரு பெருமூச்சோடு நின்றேவிட்டது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். கண்ணம்மாபேட்டை மயானத்தின் வாசல்.

பிரேக் பெடலில் காலை வைத்தேன். இறங்கவில்லை. அடியில் யாரோ உள்ளங்கை கொடுத்துத் தாங்குவது போலக் கல்லாக இருந்தது.

இருபது நிமிடம் கழித்து, நான் எதுவும் செய்யாமலே, 'கிரீச்' என்றொரு சத்தம். வண்டி மெல்ல ஓர் அடி முன்னால் உருண்டது. போகலாம் என்று யாரோ உத்தரவு கொடுத்த மாதிரி.

செவ்வாய்க்கிழமையும் அதே நேரம், அதே வாசல். புதன்கிழமை எனக்கு விஷயம் 'புரிந்துவிட்டது'. வண்டிக்குப் பழைய பழக்கம். சவாரியை இறக்காமல் நகராது. ஆகவே இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இறங்கறவங்க இறங்கலாம்" என்று பணிவாகச் சொன்னேன். இருபது நிமிடத்தில் வண்டி விட்டுக்கொடுத்தது! வியாழக்கிழமையும் கதவைத் திறந்துவைத்துக் கண்ணை மூடி நின்றேன். உள்ளே ஏதோ ஏறும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்து பார்த்தால் தண்டவாளத்தின்மேல் ஓர் உருவம் குந்தியிருந்தது.

"இன்னா அப்டி பாக்கற நைனா? சைதாப்பேட்ட போவும்ல?" என்றது, மீன்கூடையோடு. அந்த அம்மாளை இறக்கிவிட்டு, பின்கதவை இரண்டு முறை இழுத்துப் பூட்டினேன்.

வெள்ளிக்கிழமை தீபாவளி ஆர்டர். "இன்னைக்கும் லேட்டாச்சுன்னா வேற ஆளப் பாத்துக்கிடுதேன்" என்று கடைக்கார அண்ணாச்சி சொல்லியிருந்தார். தினமும் ஏன் தாமதம் என்று சந்தேகப்பட்டு வசந்தியும் ஏறிக்கொண்டாள். அவள் முன்னால் பின்கதவைத் திறந்து உபசாரம் செய்ய முடியாது. எனவே என்ன ஆனாலும் நிறுத்துவதில்லை என்று, இரண்டாவது கியரில் உறும விட்டு மயான வாசலைக் கடந்தேன். சக்கரத்திலிருந்து புகை வந்தது.

அடியில் 'புஸ்' என்றொரு சத்தம். பிடித்துக்கொண்டிருந்த கை சட்டென்று விட்டது. வண்டி பாய்ந்தது.

எதிரே சாவு ஊர்வலம். மேளம், பட்டாசு, தெரு நிறைய ஆடிக்கொண்டு வரும் மனிதர்கள். பிரேக்கை மிதித்தேன். வெந்த கத்தரிக்காயை மிதித்தது போலப் பெடல் தரைவரை போய் அங்கேயே கிடந்தது. இன்னொரு மிதி. ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் ஒரு கெட்டிக்கார ஓட்டுநர் என்ன செய்வாரோ தெரியாது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"ஐயா, எல்லாரும் இறங்கிக்குங்க! நான் உங்க ஆளு இல்ல!"

"யாரைக் கும்பிடறீங்க?" என்று கத்திக்கொண்டே வசந்தி ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். வண்டி குலுங்கி, உறுமி, அணைந்து, முன்னால் ஆடிக்கொண்டிருந்தவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. மேளமும் நின்றது.

அவர் எங்களை அடிக்கத்தான் வந்தார். வந்தவர் வண்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"டேய், நம்ம ஐஸ் பொட்டி வண்டிடா இது! எங்க நைனாவ இதுலதான் இட்டாந்தோம்!" கண் கலங்கக் கண்ணாடியைத் தடவிக்கொடுத்து, கையிலிருந்த ரோஜா இதழ்களை வண்டியின்மேல் தூவிவிட்டுப் போனார்.

வசந்தி மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"வீணை?" என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் நான் அஞ்சிய ஆவிகள் எல்லாம் தேவலாம் என்று தோன்றியது.

மெக்கானிக் டேவிட் வந்து பிரேக் ஆயில் மூடியைத் திறந்தார். விரலை விட்டார், முகர்ந்தார், முகம் மாறியது. "சார், இன்னா சார் ஊத்தினீங்க?" நான் சாலையைப் பார்த்தேன். வசந்தி மூடியை வாங்கி முகர்ந்தாள். "கடலெண்ணெய். நான் முறுக்கு சுடற கடலெண்ணெய்."

"அத ஊத்துனா உள்ள கீற ரப்பர்லாம் ஊறிப்பூடும் சார். ஊதிக்கினு வீலப் புடிச்சுக்கும். தேய்ஞ்சு தேய்ஞ்சு சூடாவும், இன்னும் இறுக்கும். உங்க வூட்லேர்ந்து இவ்ளோ தூரம் வந்தா இங்கதான் நிக்கும். ஆறுனா வுட்ரும். இன்னிக்கு நீ வெரட்டிக்கினு வந்தியா, ரப்பர் பிச்சுக்கினு ஆயில் பூரா கொட்டிருச்சு."

"அப்ப பின்கதவைத் திறந்து இறங்கச் சொன்னதும் போனதே?" என்றேன்.

"காத்து வாங்கினு நின்னியே, அதுல ஆறுச்சு. எது, பேயா? பேய்க்கு வேற பொயப்பு இல்லியா சார், முறுக்கு வண்டிய புடிச்சுக்கினு தொங்க?"

ரப்பர் எல்லாவற்றையும் மாற்றினோம். வசந்திக்கு வண்டியின் பூர்வீகத்தைப் பற்றி வருத்தமே இல்லை. "செத்தவங்க என்ன பண்ணாங்க பாவம்? உயிரோட இருந்த நீங்கதான் எண்ணெய் ஊத்தினீங்க" என்றாள். அடுத்த மாதமே வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். இப்போது அவள் ஓட்ட, நான் பக்கத்தில்.

ஆனால் ஒன்று. அன்றிலிருந்து என் வலது கால் என் பேச்சைக் கேட்பதில்லை. முன்னால் ஏதாவது வந்தால் தானாக நீண்டு தரையை அழுத்துகிறது. முடிவெட்டும் நாற்காலியில் அழுத்துகிறது, பல் டாக்டரிடம் அழுத்துகிறது. மத்தியானம் சோபாவில் சாய்ந்து டி.வி. பார்க்கும்போது ஏதாவது கார் வேகமாக வந்தாலும் அழுத்துகிறது. சமையலறையிலிருந்து வசந்தியின் குரல் வரும்:

"வீடு எங்கயும் ஓடிடாது. கால எடுங்க."