பதவிக்கேற்ற பலகை

மனிதனின் தகுதியை அளக்க மேசையைவிட நுட்பமான கருவி இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. நீர் விளையாட்டுத் துறையில் இயக்குநருக்கு ஆறடி மேசை. துணை இயக்குநருக்கு ஐந்தடி. பண்டகக் காப்பாளருக்கு மூன்றடி. பயிற்சியாளருக்கு மேசை கிடையாது. அந்தப் பெண்ணுக்குத்தான் கடல் இருக்கிறதே!

ஆண்டு விழாவில் அதிகாரிகளே கடலில் ஓட்டிக்காட்டப் பாய்ப்பலகைகள் வந்து இறங்கின. பாயைக் கையில் பிடித்து, நின்றபடியே காற்றில் செலுத்தும் பலகைகள்; பருமனை லிட்டரில் சொல்வார்கள். அவற்றையும் துறை அதே 'அறிவியல்' முறையில் பங்கிட்டது. இயக்குநருக்குக் கட்டில் போன்ற நூற்றறுபது லிட்டர் பலகை, துணை இயக்குநருக்கு நூற்று முப்பது. மிஞ்சிய எண்பது லிட்டர் குட்டி, பயிற்சியாளருக்கு.

பதிவேட்டில் ஏற்றியவர் பண்டகக் காப்பாளர். எல்லாம் பார்ப்பார், எதுவும் பேசமாட்டார். இந்த அருங்குணத்தால்தான் இருபத்தோரு ஆண்டுகளாக அவர் நாற்காலி ஆடவில்லை. பலகைகளோடு வந்த கையேட்டை வாசித்தார். 'காற்று கூடக் கூடப் பலகை சிறிதாக வேண்டும்' என்று படம் போட்டு விளக்கியிருந்தது. மடித்து இழுப்பறையில் வைத்தார்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு ஆலோசனைக் கூட்டம். ஏழு வருடத் தற்காலிகப் பணிக்குப் பின், பயிற்சியாளரின் நிரந்தர ஆணை இயக்குநரின் ஆறடி மேசையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் அவள் வாயைத் திறந்தாள்.

"சார், ஞாயித்துக்கிழமை காத்து பலமா இருக்கும். நீங்க சின்னப் பலகை எடுத்துக்கிட்டா நல்லது."

இயக்குநர் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"சின்னதா? எனக்கா?"

"பெருசு அலைக்கு அலை குதிக்கும் சார். மூக்குக்கு அடியில காத்து பூந்துச்சுன்னா தூக்கிடும். சின்னதுன்னா காலுக்கு அடங்கும்."

"ஆறு மாசமா ஏரியில இந்த அளவுலதானே பழகினேன்? ஒரு தடவை விழுந்தேனா?"

"ஏரியில காத்து ஏது சார்? நான்தானே பின்னால நின்னு தள்ளினேன்."

துணை இயக்குநர் இருமினார். அது நடவடிக்கைக் குறிப்பில் 'கடும் ஆட்சேபம்' என்று ஏறியது.

"உன் அளவுக்கு என்னை இறங்கச் சொல்றே!" என்றார் இயக்குநர்.

அவள் பண்டகக் காப்பாளர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, கையேட்டுல போட்டிருக்குமே. நீங்களாவது சொல்லுங்களேன்."

அண்ணன் பேனா மூடியைத் திருகினார். இறுகிய பிறகும் திருகிக்கொண்டே இருந்தார்.

ஞாயிறன்று காற்று, துறையின் அனுமதி பெறாமலே வீசியது. இயக்குநர் விருந்தினர்களுக்குக் கையசைத்துக் கிளம்பினார். ஐம்பது அடி போயிருப்பார். பலகையின் மூக்கு, பதவி உயர்வு கிடைத்ததுபோல் மேலே எழுந்தது. பலகை ஒரு பக்கம், பாய் ஒரு பக்கம், இயக்குநர் ஒரு பக்கம். துணை இயக்குநர் விசுவாசம் மிக்கவர். அடுத்த நொடியே அவரும் விழுந்தார்.

குட்டிப் பலகை அலைகளைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றது. "பிடிச்சுக்கங்க சார், படகு வந்திடும்," என்றாள்.

மறுநாளே விசாரணை. குற்றச்சாட்டுகள் இரண்டு. ஒன்று: காற்று வரும் என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தது. இரண்டு: இயக்குநர் கழுத்தளவு நீரில் இருக்கையில், பொதுமக்கள் முன்னிலையில் அவரைவிட உயரத்தில் நின்றது.

பண்டகக் காப்பாளரிடம் ஒரே கேள்விதான். "கையேடுன்னு ஏதாவது வந்துச்சா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். கொடிக்கம்பத்தின் கயிறு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. சொல்லிவிடலாம் என்று தோன்றியது. தோன்றியதோடு சரி. விசாரணைக் குழு மூன்று நிமிடம் பொறுத்திருந்துவிட்டு, 'வரவில்லை' என்று எழுதிக்கொண்டது.

நிரந்தர ஆணை கிழிக்கப்பட்டது. பண்டக அறைக்கு நாலடி மேசை வந்தது.

வார இறுதியில் குட்டிப் பலகையை ஒப்படைக்க அவள் வந்தாள். மேசையைச் சுற்றிப் பார்த்தாள்.

"இழுப்பறை ரெண்டாண்ணே?"

"ஆமாம்மா."

"நல்லதாப் போச்சு. ஒண்ணுல கையேட்டைப் பூட்டி வைங்க. இன்னொண்ணுல உங்க நாக்கை."