நைஜீரியா பாய் தொங்கவிட்ட அட்டைகள்

ரங்கூனில் எழுதத் தெரிந்த தமிழர் அத்தனை பேரும் தொண்ணூறுகளில் நைஜீரியா பாய்க்குப் பயந்து தெரு மாறி நடந்தவர்கள்தான். பாய் ரௌடி இல்லை. ரங்கூன் தாமுவே பேட்டையில் சின்ன அச்சகம் வைத்துப் புத்தகம் போட்டவர். புது எழுத்தாளன் என்றால் உயிரையே விடுவார். அதுதான் வில்லங்கம்.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு வந்த நைஜீரியாச் சிப்பாய்க்கும் தமிழ் முஸ்லிம் பெண்ணுக்கும் பிறந்தவர். ஆறடி உயரம், சுருட்டை முடி, இடுப்பில் பர்மாக்காரர் கட்டும் லோஞ்சி, வாயைத் திறந்தால் அசல் கீழக்கரைத் தமிழ். பட்டாளத்தோடு திரும்பிப் போன வாப்பாவை அவர் பார்த்ததே இல்லை.

கதை எழுதப் போகிறேன் என்று நீங்கள் வாய்தவறிச் சொன்னால் போதும். மறுவாரமே உங்கள் பெயர் போட்ட புத்தக அட்டையை அச்சடித்துக் கடை வாசலில் கயிற்றில் தொங்கவிட்டுவிடுவார். உள்ளே வைக்க ஒரு வரி இருக்காது. புத்தகம் வந்தால்தான் அட்டை இறங்கும்.

என் அட்டை தொங்கிய காலத்தில் டீக்கடைக்காரர் முதல் மீன்காரம்மா வரை, "கோ செல்வம், புத்தகம் எப்ப வருது?" என்று பர்மிய மரியாதைக்கு ஒரு 'கோ'வும் சேர்த்துக் கேட்டே என்னை எழுத வைத்தார்கள். நண்பன் காதர் கதை இன்னும் மோசம். அட்டையைப் பார்த்து, மாப்பிள்ளை பெரிய எழுத்தாளர் என்று பெண் கொடுத்துவிட்டார்கள். கல்யாணமானதும் மனைவி புத்தகம் எங்கே என்றாள். பாவி அழுதுகொண்டே எழுதினான். அது நன்றாக வேறு இருந்து தொலைத்தது.

கயிற்றின் கடைசியில் ஓர் அட்டை மட்டும் வெளுத்துப்போய் இறங்காமலே கிடந்தது. 'வாப்பாவின் கப்பல்'. பாயின் சொந்த நாவல். ஒவ்வொரு முறை காகிதம் கிடைக்கும்போதும் யாராவது ஒரு புதுப் பிள்ளை கையெழுத்துப் பிரதியோடு வந்து நிற்கும். நம்மளது எங்கே ஓடிப்போகுது என்று தன்னுடையதைத் தள்ளிப்போட்டுவிடுவார்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் படுத்தார். அங்கேயும் ஃபாத்திமா என்ற பெண்ணின் முதல் நாவலைத் தலையணைக்கடியில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பாய், உங்க கதைய நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்" என்று பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கண்ணை மூடிக்கொண்டார். "வாப்பா ரொம்ப உயரமாம். உம்மா அண்ணாந்துதான் பேசுமாம்" என்றார். பிறகு கண்ணைத் திறந்து, "செல்வம், அந்தப் புள்ளையோட கடைசி அத்தியாயத்த எடுங்க. முடிவு சரியில்ல" என்றார்.

அன்று ராத்திரியே அந்த அத்தியாயத்தைத் திருத்தி முடித்தார். தன்னுடையதைத் தொடங்க அவருக்கு விடியவில்லை. ஃபாத்திமாவின் அட்டை இறங்கியபோது அவர் இல்லை. எனக்கு அழுகையாக வந்தது.

அந்த வெளுத்த அட்டை இப்போது என் வீட்டு வாசலில் தொங்குகிறது. வருகிறவர்கள் புத்தகம் எப்போது வரும் என்று கேட்கிறார்கள்.

அட்டை இருக்கு பாய். முதல் வரியும் இருக்கு. மிச்சத்தைச் சொல்லத்தான் நீங்க இல்ல.