கோபத்திற்கு ஒரு கதவு

திருமணமாகி முப்பத்தோராம் ஆண்டில், தம் மனைவியோடு ஒரே கூரையின் கீழ்க் குடியிருப்பது என்று கோட்டே முடிவு செய்தார்.

ஆண்கள் வீட்டு முற்றத்தில் காய் நகர்த்திக்கொண்டிருந்த பெரியவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

“ஏன்டா, அந்தப் பொண்ணு உனக்கு என்ன குறை வச்சா?” என்று கேட்டார் அவருடைய அண்ணன். “நல்லாத்தானே இருந்தீங்க ரெண்டு பேரும்?”

நியாயமான கேள்விதான். டெஷி என்ற அந்தக் கடலோர ஊரின் பழைய குடும்பங்களில் ஆண்களுக்கு ஒரு வீடு, பெண்களுக்கு ஒரு வீடு. கோட்டே தம் சகோதரர்களோடு இருந்தார். அவர் மனைவி அயோர்கோ இரண்டு தெரு தள்ளி, தன் தாய் விட்டுச்சென்ற வீட்டில் மூன்று சகோதரிகளோடு இருந்தாள். அந்தி சாய்ந்ததும் குளித்து, கழுத்தில் பவுடர் பூசி, நல்ல துணி உடுத்தி, மூடிய பாத்திரத்தில் இரவு உணவோடு வருவாள். பேசுவாள்; சிரிப்பாள்; தங்குவாள். ஆனால் கிழக்கு வெளுக்குமுன் போய்விடுவாள். பெண்கள் வீட்டில் கெங்கே அடுப்பு காத்திருக்கும். புளித்த மக்காச்சோள மாவைக் கிளறி, உருட்டி, சோள மடலில் சுற்றி அவித்து, பள்ளிக்கூட மணி அடிக்குமுன் விற்றாக வேண்டும்.

கோட்டே கண்விழிக்கும்போது பக்கத்துத் தலையணை குளிர்ந்திருக்கும். பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள், வெளியூர் போனார்கள். தலையணை மட்டும் குளிர்ந்தபடியே இருந்தது. டேமா துறைமுகக் கிடங்கில் வேலை பார்த்தவரையில் அதைப் பற்றி நினைக்க நேரமில்லை. ஓய்வு பெற்ற பிறகோ, அதை நினைப்பதைத் தவிர வேறு வேலையில்லை. காலை வெளிச்சத்தில், தூங்கும் மனைவியின் முகத்தை ஒரு நாளாவது பார்க்க வேண்டும். அவர் ஆசை அவ்வளவுதான். அதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். ஆகவே வீடு கட்டத் தீர்மானித்தார். ஆண்மக்கள் சிலர் இப்படித்தான். ஒரு வாக்கியத்தில் முடிய வேண்டியதை ஒரு லாரி சிமெண்டில் சொல்வார்கள்.

ஊருக்கு வெளியே அவருக்கு ஒரு மனை இருந்தது. கட்டம் போட்ட தாளில், கிடங்குக் காலத்து அளவுகோலை வைத்து அவரே வரைந்தார். சிறிய வீடு, நவீன வீடு. தட்டையான கூரை. வெள்ளைச் சுவர். முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. கூடமும் சமையலறையும் நடுவே சுவரின்றி ஒன்றாக. அதற்கப்பால் ஒரு படுக்கையறை. ஒன்றே ஒன்று. விருந்தாளி அறை இல்லை. தின்பண்டம் வைக்கும் அலமாரி அளவுக்குக்கூட உபரி இடம் இல்லை.

அது சிக்கனம் அன்று, சூழ்ச்சி. அயோர்கோவின் சகோதரிகள் மூவரும் அவளோடு தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவர்கள், இன்னும் விடவில்லை. மூத்தவள் அயேலே ஓர் இடத்தில் உட்கார்ந்துவிட்டால், எழுப்ப அறுவடைத் திருவிழா வர வேண்டும். அவர்களை வராதே என்று சொல்லக் கோட்டேக்குத் துணிவில்லை. வீடே சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்.

அன்றைய அந்தியில், பொரித்த மீனையும் கெங்கேயையும் ஒதுக்கிவிட்டு, வரைபடத்தை மனைவியின் முன் விரித்தார்.

அயோர்கோ நெடுநேரம் பார்த்தாள்.

“நல்லா இருக்கு,” என்றாள்.

கோட்டே மூச்சை விட்டார். மறுப்பாள் என்று நினைத்திருந்தார். மறுமொழிகளை நான்கு நாளாகத் தயாரித்தும் வைத்திருந்தார். அத்தனையும் வீண்.

“ஒரே ஒரு சந்தேகம்,” என்றாள் அயோர்கோ. “நான் எங்க கோபப்படறது?”

“என்னது?”

“இத்தனை வருஷமா நமக்குள்ள பெரிய சண்டை வந்திருக்கா?”

“வந்ததில்லையே.”

“ஏன் வரல? சண்டை ஆரம்பிக்கும்போதே பாத்திரத்தை எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்குப் போயிடுவேன். நடக்க நடக்கக் கோபம் குறையும். வீடு போய்ச் சேர்றப்போ உங்க மேல பாவமா இருக்கும். இந்தப் படத்துல நான் எங்க நடக்கிறது? கட்டில்லேருந்து அடுப்புக்கு ஆறடி. ஆறடியில எந்தக் கோபம் ஆறும்?”

“நாம சண்டையே போட மாட்டோம், அயோர்கோ.”

“நீங்க போட மாட்டீங்க. நான் போடுவேன்.”

கோட்டே யோசித்தார். படுக்கையறையின் கிழக்குச் சுவரை அழித்து, ஒரு கதவு வரைந்தார். கதவுதானே. வீட்டின் அளவு அங்குலமும் கூடவில்லை.

மறுநாள் அந்தியில் அயோர்கோ கேட்டாள். “அந்தக் கதவைத் திறந்தா என்ன இருக்கு?”

“வெளி. நல்ல காத்து.”

“ஜூன் மாசத்துல?”

ஜூன் மாதத்தில் டெஷியில் வானம் கிழிந்து கொட்டும். கோட்டேயின் பென்சில் தயங்கியது.

“மழையில நனைஞ்சுக்கிட்டு என்னால கோபப்பட முடியாதுங்க. சளி பிடிச்சிடும். அப்புறம் நீங்கதான் மிளகு ரசம் வைக்கணும்.”

கோட்டே கதவுக்கு வெளியே ஒரு சிறு அறை வரைந்தார். ‘கோப அறை’ என்று அதன்மேல் அழகாக எழுதினார். மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் இரண்டு அறை வரையலாம் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியது தவறு.

அடுத்து அடுப்பு வந்தது.

“கெங்கே அடுப்பை எங்க வைக்கிறது?”

“இதோ, எரிவாயு அடுப்பு. புத்தம் புதுசு. கூடத்துல உட்கார்ந்தபடியே நீ சமைக்கிறதை நான் பார்க்கலாம்.”

“எரிவாயு அடுப்புல நம்ம ரெண்டு பேருக்குக் கஞ்சி வைக்கலாம். ஊருக்குக் கெங்கே அவிக்கிற அண்டா அது மேல ஏறுமா? விறகுதான் வேணும். பரவாயில்ல, கூடத்துலயே மூட்டறேன். உங்க வெள்ளைச் சுவர் ஒரு வாரத்துல என் நிறத்துக்கு வந்துடும்.”

கோட்டே தம் வெள்ளைச் சுவரை நினைத்துப் பதறினார். விறகடுப்பைத் தாமே வெளியே தள்ளினார். எங்கே தள்ளுவது? கோப அறையை ஒட்டித்தான் இடம் இருந்தது. அதற்கு மேல் ஒரு தகரக் கொட்டகையும் போட்டார்.

“சரி, மாவை யார் உருட்டறது?” என்றாள் அயோர்கோ. “எனக்கு ரெண்டு கைதானே. அக்கா, தங்கச்சிங்க வரணும்.”

“வரட்டும். பகல்ல வரட்டும், சாயங்காலம் போகட்டும்.” இதைச் சொல்லும்போது கோட்டேயின் குரலில் ஓர் உறுதி இருந்தது. அவருக்கே அது புதிது.

“பகல்ல வந்து என்ன பண்ண? வெளுக்குமுன்னே அடுப்பு மூட்டணும். உங்க கூடத்தைத் தாண்டித்தான் வருவாங்க. அக்கா மெதுவாப் பேசத் தெரியாதவ. நீங்க எழுந்திரிச்சிடுவீங்க, பாவம்.”

“பின்பக்கம் ஒரு வாசல் வச்சிடறேன்.”

“எவ்வளவு யோசிக்கிறீங்க,” என்று வியந்தாள் அயோர்கோ. கோட்டே மகிழ்ந்தார்.

“ஆனா அந்த நேரத்துல டெஷியிலேருந்து உங்க மனைக்கு வண்டி ஏது?”

வண்டி இல்லை. கோட்டே தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாய் திறக்கும்வரை அயோர்கோ மீன் முள்ளைப் பொறுமையாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ முதல் நாள் ராத்திரியே வந்து படுத்துக்கட்டும்,” என்றார் கோட்டே, ஒருவாறு. “கோப அறையைக் கொஞ்சம் பெருசு பண்ணிட்டா…”

“உங்களுக்கு எதுக்குச் சிரமம்?”

“சிரமம் ஒண்ணுமில்ல. நடுவுல மட்டும் ஒரு சுவர் வேணும். அவங்க பேச்சு எனக்குக் கேட்கக் கூடாது.”

“ஐயோ, கட்டாயம் வேணும்,” என்றாள் அயோர்கோ.

அஸ்திவாரம் தோண்டும்போது மேஸ்திரி குவாப்லா வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஐயா, இது ஒரு வீடா, ரெண்டு வீடா?”

“ஒரே வீடுதான். கொஞ்சம் காலை நீட்டிக்கிட்டு இருக்கு.”

மேஸ்திரி மேலே எதுவும் கேட்கவில்லை. நீட்டிய காலுக்குத்தான் உடலைவிட அதிகக் கல் ஆயிற்று.

சுவர் எழும்பிய பிறகு ஒரு நாள் அயேலே மேற்பார்வைக்கு வந்தாள். மனையின் நடுவே ஒரு முக்காலியைப் போட்டு அமர்ந்தாள்.

“மாப்பிள்ளே, கூரையை எப்போ போடுவீங்க?”

“போட்டாச்சு, அக்கா. அதுதான் கூரை.”

“இதுவா? நான் யாரோ மூடி வச்சிருக்காங்கன்னு நினைச்சேன். மழைத்தண்ணி எந்தப் பக்கம் போகணும்னு அதுக்கு யார் சொல்லுவா?”

“குழாய் இருக்கு, அக்கா. இது நவீன பாணி.”

“முன்னால இவ்வளவு கண்ணாடி. உள்ள என்ன விக்கப் போறீங்க?”

“ஒண்ணும் விக்கல. வெளிச்சம் வரும்.”

“நீங்க பனியனோட சோறு தின்னறதை ஊரே பார்க்கும். பார்க்கட்டும். எங்க பக்கம் கண்ணாடி வேண்டாம். நாங்க குடும்பப் பொண்ணுங்க.”

‘எங்க பக்கம்’ என்ற சொல் கோட்டேயின் காதில் விழுந்தது. கொஞ்சம் தாமதமாக மனத்திலும் விழுந்தது. அன்று மாலை வரைபடத்தை விரித்து, முதன்முறையாக எட்ட நின்று பார்த்தார். நடுவே ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு வாசல், ஒரு கூடம், ஒரு படுக்கை. அந்தப் பக்கம் ஒரு வாசல், ஓர் அடுப்பு, நான்கு பெண்கள் தங்க ஓர் அறை. ஆண்கள் வீடு. பெண்கள் வீடு. தப்பி ஓடுவதற்காக வீடு கட்டியவர், தப்பி ஓடிய இடத்தையே கட்டியிருந்தார், தட்டைக் கூரையோடு.

“அயோர்கோ,” என்றார். “இது நான் நினைச்ச வீடு இல்ல.”

“நான் எங்கங்க வரைஞ்சேன்? பென்சில் உங்க கையிலதானே இருந்துச்சு.”

அவர் முகத்தைக் கண்டு அயோர்கோ சிரிப்பை அடக்கினாள். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“உங்களுக்கு என்னதான் வேணும்? எல்லாத்தையும் வரைஞ்சீங்க. அதை மட்டும் சொல்லவே இல்ல.”

கோட்டே தரையைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். கடைசியில், அறுபது வயது மனிதர், பள்ளிப் பிள்ளைபோல் முணுமுணுத்தார்.

“காலையில நான் எழுந்திரிக்கறப்போ நீ இருக்கணும்.”

அயோர்கோ அவர் தோளில் படிந்திருந்த சிமெண்டுத் தூசியைத் தட்டிவிட்டாள். ஒரு முறை தட்டினால் போகும் தூசிதான். அவள் பல முறை தட்டினாள்.

“இதைச் சொல்ல இத்தனை வருஷமா?” என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. கோட்டே தமக்குத் தோல்வி என்றே எண்ணிக்கொண்டார்.

குடிபுகுந்த அன்று மூன்று சகோதரிகளும் அண்டாக்களோடும் சோள மடல் மூட்டைகளோடும் பின்வாசல் வழியாக நுழைந்தார்கள். சாயங்காலம் முழுவதும் சுவருக்கு அப்பால் ஒரே சிரிப்பு. அயோர்கோவின் சிரிப்புத்தான் எல்லாவற்றிலும் உரக்கக் கேட்டது. கோட்டே தம் அழகிய கூடத்தில், ஊரே பார்க்கத் தனியாக உட்கார்ந்திருந்தார். சாலையில் போனவர் ஒருவர் கைகூட அசைத்தார். இரண்டு தெருத் தொலைவு, ஒரு சுவர்த் தொலைவாகச் சுருங்கியிருந்தது. வாழ்நாள் சேமிப்பின் பயன் அதுதானா என்று மனம் கசந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் கோபக் கதவு திறந்தது. அயோர்கோ வந்தாள். ஆனால் கோபமாக வரவில்லை.

மறுநாள் கோட்டே கண்விழித்தபோது அறை முழுவதும் வெளிச்சம். அவர் வழக்கப்படி பக்கத்துத் தலையணையைப் பார்க்காமலே எழப் போனார். யாரோ குறட்டை விட்டார்கள். அவர் அப்படியே அசையாமல் திரும்பினார்.

அயோர்கோ தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் சற்றுத் திறந்திருந்தது. நெற்றியோரத்தில் நரை, கன்னத்தில் தலையணையின் மடிப்பு. இடது புருவத்துக்குக் கீழே ஒரு சிறு மச்சம் இருந்தது. விளக்கொளியில் இதுவரை அது அவர் கண்ணில் பட்டதேயில்லை. சுவருக்கு அப்பால் விறகு வெடிக்கும் ஓசை கேட்டது. அண்டாவில் மாவு கொதிக்கும் மணம் வந்தது. அடுப்பை யாரோ மூட்டிவிட்டார்கள். பின்வாசலும் கொட்டகையும் படுக்கைக்கு இடமும் எதற்காக ஒவ்வொன்றாகக் கேட்கப்பட்டன என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அடுப்பருகே மூன்று பேர் தங்கியிருந்தால்தான், நான்காமவள் விடியும்வரை தூங்க முடியும்.

அவர் சொல்வதற்கு முன்பே இவளுக்குத் தெரிந்திருக்கிறது.

“எவ்வளவு நேரமாப் பார்க்கிறீங்க?” என்றாள் அயோர்கோ, கண் திறவாமலே.

“இப்பத்தான்.”

“பொய்.”

“நீ வேலைக்குப் போகலையா?”

“அக்கா மூணு நாளைக்கு என்னை அந்தப் பக்கமே வரக் கூடாதுன்னுட்டா. பேசிக்கிட்டே இருக்காதீங்க. பசிக்குது.”

கோட்டேக்கு உச்சி குளிர்ந்தது. “என்ன வேணும் சொல்லு.”

“கஞ்சி. அந்தப் புத்தம் புது அடுப்பு உங்க பக்கம்தானே இருக்கு.” அவள் போர்வையை இழுத்துக்கொண்டு மறுபுறம் திரும்பினாள்.

கோட்டே வாழ்க்கையில் கஞ்சி காய்ச்சியவர் அல்லர். ஆயினும் எழுந்தார். தாமே வரைந்த சமையலறையில், தாமே பதித்த கண்ணாடிக்குப் பின்னால், பனியனோடு, மாவைக் கரைக்கத் தொடங்கினார். நெஞ்சு நிறைந்திருந்தது. ஒரு வீடு, ஓர் ஆண், ஒரு பெண், இடையில் வேறு யாரும் இல்லை.

சுவர் மெல்ல இருமியது.

“மாப்பிள்ளே,” என்றது அயேலேயின் குரல், பக்கத்தில் நின்று பேசுவதுபோல. “அவளுக்குச் சர்க்கரை கம்மியாப் போடுங்க. எங்க மூணு பேருக்கும் சேர்த்தே காய்ச்சிடுங்க.”