குட்டைத் தோட்டாவைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும்

எல்க் க்ரீக், மொன்டானா

அன்பு மைத்துனன் கிளேட்டனுக்கு, லோவல் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா வெர்னாவும் சுகம். ஃப்ரீசரில் மான்கறி இருக்கிறது, கூரை இன்னும் ஒழுகவில்லை. உன் நலமும் உன் தோட்டாக் கம்பெனியின் நலமும் அறிய ஆவல். கம்பெனி நலத்தில் கொஞ்சம் சந்தேகம் இருப்பதால்தான் இந்தக் கடிதம்.

நீ வடிவமைத்து அக்காவுக்கு அனுப்பிய புதுத் தோட்டாவும் அதற்கான சின்னக் கைத்துப்பாக்கியும் வந்து சேர்ந்தன. தோட்டாவைச் சாப்பாட்டு மேசையில் என்னுடையதற்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். அதே பருமன், அதே குண்டு, மருந்து அடைத்த பித்தளைக் கூடு மட்டும் குட்டை. மருந்துக்கு இடம் குறைந்தால் அடியும் குறையத்தானே வேண்டும்? குறையவில்லை! மரக்கட்டையில் சுட்டேன், இரண்டும் ஒரே ஆழம். மருந்தை மாற்றினாயா, கூட்டின் அடியைத் தடிப்பாக்கினாயா? யோசித்து யோசித்துக் காப்பி ஆறிப்போனது. துப்பாக்கிப் பிடிக்குள்தானே தோட்டாக்கள் மூக்கை முன்னால் நீட்டிப் படுத்திருக்கின்றன, அதனால் தோட்டா குட்டையானால் பிடியும் ஒல்லியாகிறது என்று வெர்னாதான் விளக்கினாள். "நீங்களும் புடிச்சுப் பாருங்களேன்" என்றாள். "பொம்பளைங்க துப்பாக்கி எனக்கெதுக்கு?" என்றேன்.

என் கட்டைவிரல் மூட்டு குளிர்காலத்திலிருந்து வலிப்பது உனக்குத் தெரியும். பெரிய துப்பாக்கி கையில் நிற்காமல் துள்ளுகிறது. வரும் ஞாயிறு துப்பாக்கி கிளப்பில் ஜோடிப் போட்டி. கல்யாணமான நாளிலிருந்து எனக்கு ஜோடி வெர்னாதான். இப்போது அவள் சொல்கிறாள்: "இப்படியே மேகத்தப் பாத்துச் சுட்டீங்கன்னா நான் நம்ம கிளப்பு டுவெய்னோட சேந்துக்கறேன்." எனக்கு எப்படி இருந்திருக்கும், நீயே சொல்.

இது போதாதென்று போன வாரப் பயிற்சியில் ஒரு கூத்து. சுட்டு முடிந்ததும் காலிக் கூடுகளை எல்லாரும் குனிந்து பொறுக்கிப்போய், வீட்டில் மறுபடி மருந்து அடைப்போமே, அதில் வெர்னாவின் குட்டைக் கூடுகள் எல்லார் வாளியிலும் கலந்துவிட்டன, யாரும் கவனிக்கவில்லை, டுவெய்ன் வீட்டில் அடைக்கும் எந்திரம் பாதியில் சிக்கிக்கொண்டது, ஏனென்றால் நீ கூட்டின் பின்புறத்தில், ஊசி தட்டினால் பற்றிக்கொள்ளும் நெருப்புப் பொட்டுக்கான குழியையும் சின்னதாக்கியிருக்கிறாய், அதில் பெரிய பொட்டு எப்படி நுழையும்? வாளியோடு என் வாசலுக்கே வந்துவிட்டான். "யோவ் லோவல், எவன்யா என் கூட்டையெல்லாம் நறுக்கி வெச்சது?" "நறுக்கலய்யா, பொறப்பே அப்படி." "பொறப்பா? ஒன் மச்சானுக்கு வேற வேலையே இல்லையா?" இப்போது கிளப்பே தரையில் உட்கார்ந்து பயறில் கல் பொறுக்குவதுபோல் குட்டைக் கூடு பொறுக்குகிறது. என்னோடு யாரும் பேசுவதில்லை.

ஆகவே கம்பெனியில் சொல்லி இந்தத் தோட்டாவை நிறுத்திவிடு. துப்பாக்கியையும் வந்து எடுத்துப்போ. உன் மனைவிக்கு என் விசாரிப்பு, பிள்ளைகளுக்கு ஆசி, நாய்க்கு முதுகில் ஒரு தட்டு.

உன் அத்தான்,
லோவல்

பி.கு.: வராதே. பெட்டியில் வைப்பதற்காக அதைக் கையில் எடுத்தேன். விரல்கள் முழுசாகச் சுற்றிக்கொண்டன. கொல்லைப்புறம் போய் ஒன்று சுட்டேன், வலிக்கவில்லை. இன்னொன்று சுட்டேன். திரும்பினால் வெர்னா நிற்கிறாள்.

"எனக்கு எதுக்குங்க இது? எனக்குப் பழசே போதும். ஒங்க வெரலுக்குன்னுதான் தம்பிகிட்ட கேட்டு வாங்கினேன். ஒங்களுக்குன்னு சொல்லியிருந்தா தொட்டிருப்பீங்களா?"

கிளேட்டன், தோட்டா இன்னும் ரெண்டு பெட்டி அனுப்பு.