கடைசிப் பெயர்

சந்தானம் சோப்பு டப்பாவை டைனிங் டேபிள்மேல் வைத்து, ஆள்காட்டி விரலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"என்னன்னா பண்றேள்?" என்றாள் அலர்மேல்மங்கை.

"டபுள் கிளிக்."

"அதுக்குள்ள சோப்பு இருக்கு. நான் குளிக்கணும்."

"ரெண்டாவது தட்டு சட்டுனு விழணும்னு புஸ்தகத்துல போட்டிருக்கு. எனக்கு யோசிச்சு யோசிச்சு விழறது."

அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சந்தானம் மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்து வைத்துத் தட்ட ஆரம்பித்தார்.

பெங்களூர் பீன்யாவில் பம்ப்செட் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், பர்சனல் செக்‌ஷன் ஹெட் கிளார்க் அவர். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும் கம்ப்யூட்டரை எட்டு வருஷமாக வைத்துக் காலம் தள்ளியவர். அதற்குத் தேவையான ஒன்பது கட்டளைகளையும் பழைய காலண்டர் அட்டையின் பின்புறம் எழுதி அதன் பக்கவாட்டில் ஒட்டியிருந்தார். போன திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போனால், மேஜைமேல் வண்ணப் படம் காட்டும் புதுக் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது. பழையதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அட்டையும் கூடவே போயிருந்தது.

அன்றைக்கே மேனேஜர் கேசவ் கூப்பிட்டான். முப்பத்தோரு வயது. தர்மபுரிப் பையன். வேலையில் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது.

"சார், நம்ம கம்பெனிக்கு இருபத்தஞ்சாவது ஆண்டு விழா. இருநூத்திப் பன்னண்டு பேருக்கும் தனித்தனியா பேர் போட்டு, வீட்டு அட்ரஸுக்கு இன்விடேஷன் லெட்டர் போகணும். புது கம்ப்யூட்டர்ல அரை மணி நேர வேலை. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடுங்க."

"ஆகட்டும் சார்."

"கஷ்டம்னா சொல்லிடுங்க. ஸ்னேஹாவுக்கு இதெல்லாம் அத்துப்படி. உங்களுக்கு ஓசூர் கோடவுன்ல ஒரு சீட் காலியாத்தான் இருக்கு."

ரிட்டயராக நாலு வருஷம் இருந்தது. வீடு இருக்கும் ஜீவனஹள்ளியிலிருந்து மூன்று பஸ் மாறித் தினமும் ஓசூர் போய்வந்தால், அந்த நாலு வருஷத்தைத் தன் முதுகெலும்பு பார்க்காது என்று சந்தானத்துக்குத் தெரியும். ஆனாலும் அவருக்குக் கேசவ் மேல் கோபம் வரவில்லை. போன மாதம்தான் அவன் அப்பா தவறிப்போனார். பத்து நாள் லீவு போட்டு, மொட்டைத் தலையோடு திரும்பி வந்தான். துக்கம் விசாரிக்கப் போகலாம் என்றதற்கு, "எல்லாம் ஊர்லயே முடிஞ்சிடுச்சு, யாரும் வர வேணாம்" என்று சொல்லிவிட்டான். இரங்கல் சர்க்குலரைச் சந்தானம்தான் அடித்தார். மொத்த ஃபாக்டரியும் மிஷினை நிறுத்திவிட்டு இரண்டு நிமிஷம் எழுந்து நின்றது. தகப்பனைப் பறிகொடுத்த பையன், ஏதோ வெடுவெடுவென்று பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டார்.

ஸ்னேஹா பக்கத்து மேஜைதான். "நான் சொல்லித் தரட்டுமா அங்கிள்?" என்றாள். இருபத்து மூன்று வருஷ சர்வீஸ் வேண்டாம் என்று தலையாட்டியது. அன்று சாயந்திரமே அவென்யூ ரோடு நடைபாதையில் ஒரு நீல அட்டைக் கம்ப்யூட்டர் புத்தகம் வாங்கினார். அறுநூற்று நாற்பது பக்கம். எழுதியவர் ஓர் அமெரிக்கர். தன்னைத் தவிர எல்லாரையும் கோழை என்று எடுத்துக்கொண்டு எழுதியிருந்தார். 'சந்தேகம் வந்தால் நோ என்பதை அழுத்துங்கள், ஒரு கெடுதலும் வராது' என்று முதல் பக்கத்திலேயே கட்டம் கட்டிப் போட்டிருந்தார்.

ஒரே கடிதத்தைப் பலருக்குப் பேர் மாற்றி அனுப்பும் வித்தை பதினான்காவது அத்தியாயத்தில் இருந்தது. ஒவ்வோர் ஆளுக்கும் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். 'டியர் மிஸ்டர்' என்பதற்குப் பிறகு எப்போதும் கடைசிப் பெயரே வர வேண்டும், மாற்றினால் மரியாதைக் குறைவு.

சந்தானம் யோசித்தார். கே. அர்ஜுனன் என்றால் முதல் பெயர் அர்ஜுனன். அப்புறம் மிச்சம் இருப்பது இனிஷியல்தான். அதை விரித்தால் கந்தசாமி. ஆக, கடைசிப் பெயர் கந்தசாமி. இப்படி இருநூற்றுப் பன்னிரண்டு சர்வீஸ் கார்டுகளையும் பார்த்து, இனிஷியலை விரித்து விரித்து மூன்று நாள் அடித்தார். பட்டியலில் முதல் ஆள் எம்.டி. திரையில் 'டியர் மிஸ்டர் மேத்தா' என்று வந்தது. அவ்வளவு கச்சிதம். மற்றதைப் பார்க்க வேண்டிய அவசியமே அவருக்குத் தோன்றவில்லை.

அட்டெண்டர் லட்சுமம்மா மடித்து, உறையில் போட்டு, ஒட்டிக் கொடுத்தாள். "ஆயித்து சார். எல்லாம் போஸ்ட்ல ஹாக்கிட்டேன்" என்று, தபாலில் போட்டுவிட்டதைக் கன்னடம் கலந்த தமிழில் சொன்னாள்.

வியாழக்கிழமையே வேலை முடிந்துவிட்டது. அன்றைக்கு சந்தானம் ஸ்னேஹாவைப் பார்த்து ஒரு புன்னகை புரிந்தார்.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் அலர்மேல்மங்கை ஓர் உறையை நீட்டினாள். "உங்கப்பாவுக்கு லெட்டர் வந்திருக்கு. உங்க ஆபீஸ்லேர்ந்துதான்."

அவர் அப்பா சம்பத் காலமாகி இருபத்து நான்கு வருஷம் ஆகிறது. 'டியர் மிஸ்டர் சம்பத், தாங்கள் குடும்பத்துடன் வந்திருந்து விழாவைச் சிறப்பிக்க வேண்டும்.'

"போவாரா?" என்று கேட்டாள் அலர்மேல்மங்கை.

திங்கட்கிழமை காலையில் அவர் மேஜையைச் சுற்றிக் கூட்டம். "எங்கப்பா செத்து ஆறு வருஷமாச்சு சார். லெட்டரப் பாத்துட்டு எங்கம்மா சாப்பிடவே இல்ல" என்றான் ஸ்ரீராம்புரம் அர்ஜுனன்.

ஃபவுண்டரி ரங்கேகவுடாவின் பிரச்சினை வேறு. அவர்கள் வழக்கப்படி இனிஷியலில் இருப்பது ஊர்ப் பெயர். "டியர் மிஸ்டர் ஹொளேநரசீபுரான்னு போட்டிருக்கீங்க சார். ஊரையே வித் ஃபேமிலி கூப்பிட்டிருக்கீங்க. பஸ் யாரு விடறது?"

சந்தானத்தின் காதில் எதுவும் ஏறவில்லை. அவர் மனசு தர்மபுரிக்குப் போய்விட்டது. கேசவின் சர்வீஸ் கார்டில் ஊர் விலாசம்தான் இருந்தது. வி. கேசவ். வி என்றால் வெங்கடகிருஷ்ணன். செத்து ஒரு மாதம் ஆகாத மனுஷனுக்கு, 'தங்கள் வருகையே எங்கள் மகிழ்ச்சி' என்று ஒரு கடிதம். அதைக் கேசவின் அம்மா பிரித்திருப்பாள். அதை நினைத்ததும் சந்தானத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. ஓசூர்கூடப் பெரிதாகத் தெரியவில்லை.

நீலப் புத்தகத்தில் தேடினார். எந்தத் தவறையும் இரண்டு பொத்தானை அழுத்தி ரத்து செய்யலாம் என்றிருந்தது. போஸ்ட் ஆபீஸ் வரைக்கும் போய் ரத்து செய்ய வழி போட்டிருக்கவில்லை.

அதனால் திருத்தக் கடிதம் அடித்தார். 'முந்தைய கடிதம் தவறுதலாகத் தங்கள் தந்தையார் பெயருக்கு வந்துவிட்டது. நாங்கள் அழைப்பது தந்தையாரை அல்ல, தங்களைத்தான். அவசியம் வரவும்.' பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்களையும் சரியாக இடம் மாற்றினார். மூடும்போது கம்ப்யூட்டர், மாற்றியதைச் சேமிக்கவா என்று கேட்டது. சந்தானத்துக்குச் சந்தேகம் வந்தது. நோ என்பதை அழுத்தினார்.

பட்டியல் பழையபடியே ஆகிவிட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு கடிதங்களும் மறுபடியும் அப்பாக்களுக்கே போயின. 'உங்கள் அப்பா வேண்டாம், நீங்கள்தான் வேண்டும்' என்று ஒவ்வோர் அப்பாவையும் வற்புறுத்தின.

புதன்கிழமை கேசவ் கூப்பிட்டான். அரிசி நீளத்துக்கு முளைத்த முடியைத் தடவிக்கொண்டே பேசினான்.

"ஒர்க்கர்ஸோட அப்பாங்க எல்லாம் ஃபோன் பண்றாங்க சார். சாப்பாடு உண்டான்னு கேக்கறாங்க. ஒருத்தர், அவரோட அப்பாவை ஏன் வேணாம்னு சொன்னீங்கன்னு சண்டைக்கு வர்றாரு."

"தப்பு என்னோடதுதான் சார்."

"ஓசூர் டிரான்ஸ்ஃபர் ஆர்டரை நீங்களே டைப் பண்ணிடுங்க. ஞாயித்துக்கிழமை ஃபங்ஷன் முடிஞ்சதும் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

தர்மபுரிக் கடிதத்தைப் பற்றி மட்டும் சந்தானம் வாய் திறக்கவில்லை. தன் டிரான்ஸ்ஃபர் ஆர்டரைத் தானே அடித்தார். தலைப்பை நடுவில் நிறுத்தி, எழுத்தைத் தடிமனாக்கி, சுற்றிலும் இரட்டைக் கோட்டில் கட்டம் போட்டார். ஒரு பிழை இல்லை. இந்தத் தடவை எஸ் என்பதை அழுத்திச் சேமித்தும் வைத்தார்.

"சூப்பரா வந்திருக்கு அங்கிள்" என்றாள் ஸ்னேஹா.

ஞாயிற்றுக்கிழமை ஷாமியானா வாசலில் சந்தானத்தை நிறுத்தியிருந்தார்கள். வந்து இறங்கும் அப்பாக்களை உட்கார வைப்பது அவர் வேலை. நாற்பது பேருக்குமேல் வந்திருந்தார்கள். ரங்கேகவுடாவின் ஊரிலிருந்து ஒரு வேன் வந்தது. எம்.டி. மேடையிலிருந்து அத்தனை வெள்ளைத் தலைகளையும் பார்த்து, இது என்ன கூட்டம் என்று கேசவிடம் ஜாடை காட்டினார். கேசவ், வாசலில் நின்ற சந்தானத்தைக் கை காட்டினான்.

சட்டைப் பையில் டிரான்ஸ்ஃபர் ஆர்டர் முறுமுறுத்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. நாளையிலிருந்து விடிகாலை ஐந்தே முக்காலுக்குப் பஸ் ஏற வேண்டும். அப்போது வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருத்தர் ஆட்டோவிலிருந்து இறங்கி நேரே அவரிடம் வந்தார். கையில் இரண்டு உறைகள். தலையில் முடி இப்போதுதான் முளைக்க ஆரம்பித்திருந்தது.

"வாங்கோ வாங்கோ. சிரமத்துக்கு மன்னிக்கணும்" என்று சந்தானம் கை கூப்பினார். "ஃபவுண்டரின்னா இடது பக்கம், அசெம்பிளின்னா வலது பக்கம். நீங்க யாரோட அப்பா?"

"மேனேஜர் கேசவோட அப்பாங்க. ரெண்டு லெட்டர் போட்டுக் கூப்புட்டிருக்கீங்க, வராம இருந்தா மரியாதையா? பாருங்க, போன மாசம் பத்து நாள் திருப்பதி, காளஹஸ்தின்னு என்கூடத்தான் சுத்துனான், ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் மொட்டை போட்டோம், அப்பக்கூட இந்த விழாவப் பத்தி எங்கிட்ட மூச்சு விடல சார்!"